டெய்லர் ஸ்விஃப்ட்டின் பாடல்களும் நம் அகமரபும்

சங்க இலக்கியம் பற்றி ஒரு கட்டுரையாவது இல்லாமல் நம் மலர் வெளிவந்ததில்லை. இதுவும் அந்த வரிசையில் வைக்கத்தக்க கட்டுரைதான். ஆனால் நான் குறுந்தொகைக்குப் போகும் வழி கொஞ்சம் சுற்றுவழி. அமெரிக்காவின் நாஷ்வில் நகரம் வழியாகப் போகிறேன். தமிழறிந்த பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

டெய்லர் ஸ்விஃப்ட் யார் என்று நம் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லப் புறப்பட்டால் சிரிப்பார்கள். பெற்றோருக்காகச் சில வரிகள். 1989 டிசம்பர் 13 அன்று பென்சில்வேனியாவில் பிறந்தவர். பதினான்கு வயதில், மகள் பாட வேண்டும் என்பதற்காகவே, குடும்பம் டென்னசி மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. 'கன்ட்ரி' இசைக்கு நாஷ்வில் தலைமையிடம். நம்மவர்கள் ஒரு காலத்தில் பாட்டுக்காகத் தஞ்சாவூர் போனது போல. முதல் இசைத்தொகுப்பு 2006இல் வந்தபோது வயது பதினாறு. ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதை 2010, 2016, 2021, 2024 என நான்கு முறை பெற்றிருக்கிறார். பாடுகிறவர்களில் நான்கு முறை பெற்ற முதல் ஆள் இவர்தான். 2023 மார்ச்சில் தொடங்கி 2024 டிசம்பரில் முடிந்த 'எராஸ்' பயணத்தில் 149 நிகழ்ச்சிகள். இந்தியாவுக்கு வரவில்லை. 2024 மார்ச்சில் சிங்கப்பூரில் ஆறு இரவு பாடினார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அங்கே போய்ப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு அந்த நிகழ்ச்சியின் திரைப்படம்தான்.

அந்தப் படத்துக்கு மும்பையில் என் மகளோடு போயிருந்தேன். அதுவரை எனக்கு இந்தப் பாடல்களோடு பகையும் இல்லை, உறவும் இல்லை. பக்கத்து அறையில் ஓடும் மின்விசிறிச் சத்தம் மாதிரி இருந்தன. அரங்கில் நான் பார்த்தது திரையை அல்ல, பிள்ளைகளை. மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான படம். அத்தனை பாட்டும், அத்தனை வரியும், அவர்களுக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஐந்தடிப் பாட்டு ஒன்றை நெட்டுருப் போட வைக்க நான்கு வாரம் மல்லுக்கட்டுகிறவள் நான். இவர்களை யாரும் அதட்டவில்லை, மதிப்பெண் இல்லை, பரிசும் இல்லை. அப்படி என்னதான் இருக்கிறது இந்தச் சொற்களில் என்று பார்க்கத் தோன்றியது. "சத்தத்தை விட்டுடும்மா, முதல்ல வரிகளைப் படி" என்றாள் மகள். சில பாடல்களை அச்செடுத்தும் கொடுத்தாள். நல்ல யோசனை. நான் வந்ததும் அந்த வழியாகத்தான்.

முதலில் காது விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கர்நாடக இசையிலும் இளையராஜாவிலும் பழகிய காதுக்கு இந்த மெட்டுகள் மெலிந்து தெரியும். குரல் பெரிய குரல் இல்லை. கமகம் தேடினால் கிடைக்காது. பல இடங்களில் ஒரே சுரத்தில் நின்றுகொண்டு பேசுகிறார். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு கோடு, அதன் மேல் நடக்கிறார். ஆனால் அதுவே காரியமாகச் செய்வது. சுரம் அசையாமல் நிற்கும்போது கேட்பவர் கவனம் சொல்லுக்குப் போகிறது. நம் கச்சேரியில் சுருதி என்பது தொட்டால் தீட்டு. ஆரம்பத்தில் வைத்தது மங்களம் வரை அப்படியே. இங்கே 'லவ் ஸ்டோரி' என்ற 2008ஆம் ஆண்டுப் பாட்டில், கதை மாறும் இடத்தில், கடைசியில் சுருதியையே ஒரு படி தூக்கி வைத்துவிடுகிறார். காதலர்கள் சேரப்போகிறார்கள் என்பதைச் சொல் சொல்வதற்கு முன் சுருதி சொல்லிவிடுகிறது.

இன்னொன்று, அவர்கள் 'பிரிட்ஜ்' என்று சொல்லும் பகுதி. நம் பாட்டில் பல்லவி, சரணம், மீண்டும் பல்லவி, இரண்டாம் சரணம். இரண்டாம் சரணத்துக்குப் பெரும்பாலும் முதல் சரணத்தின் மெட்டேதான். புதுமை எங்கே இருக்கும் என்றால் இடையிசையில். இளையராஜா பாட்டில் முதல் இடையிசையும் இரண்டாம் இடையிசையும் வேறு வேறாக இருப்பதை நாம் ரசித்திருக்கிறோம். வயலினும் புல்லாங்குழலும் செய்கிற அந்த வேலையை இவர் சொல்லிடம் கொடுக்கிறார். இரண்டாம் முறை பல்லவி முடிந்த பிறகு முற்றிலும் புதிய மெட்டில், அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் கொட்டுகிறது. பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் வரும். 2019இல் வந்த 'குரூயல் சம்மர்' பாட்டின் இந்தப் பகுதிக்கு அரங்கில் பிள்ளைகள் எழுந்தே நின்றார்கள். அந்தப் பாட்டு வெளியாகி நான்கு ஆண்டு கழித்து 2023 அக்டோபரில்தான் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. வானொலிக்காரர்கள் வளர்த்ததைவிட ரசிகைகள் தொண்டையால் வளர்த்தது அதிகம் என்று தோன்றுகிறது.

இனி பொருளுக்கு வருகிறேன். என்னை உட்கார வைத்த பாட்டு 'ஆல் டூ வெல்'. 2012இல் 'ரெட்' தொகுப்பில் ஐந்தரை நிமிடப் பாட்டாக வந்தது. 2021 நவம்பரில் பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் வடிவத்தில் மீண்டும் வந்து பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவ்வளவு நீளமான பாட்டு அதற்கு முன் அந்த இடத்துக்கு வந்ததே இல்லை. 1972இல் அந்த இடத்துக்கு வந்த டான் மக்லீனின் 'அமெரிக்கன் பை' அதுவரை அந்தப் பெருமையை வைத்திருந்தது. விஷயம் ரொம்பச் சாதாரணம். பிரிந்து போன ஒருவனை ஒருத்தி நினைக்கிறாள். அவன் அக்காள் வீட்டில் அவள் மறந்து வைத்துவிட்டு வந்த ஸ்கார்ஃப், இரவில் சமையலறையில் ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் ஆடிய நடனம், கார் பயணம். பாட்டின் தொடக்கத்தில் சும்மா வந்து போகிற அந்த ஸ்கார்ஃப் பின்னால் மறுபடி வருகிறது. அப்போது அது துணி இல்லை, சாட்சி. அவன் அதை இன்னும் தூக்கிப் போடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். நடந்தது நடந்ததுதான், எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். யாரோ 'அப்படி ஒன்றும் நடக்கவில்லையே' என்று சொன்னதற்குப் பதில் சொல்வது போல.

இதைப் படித்ததும் எனக்குக் கபிலர் நினைவுக்கு வந்தார். குறுந்தொகை 25ஆம் பாட்டு. தலைவன் அவளைக் களவில் கூடிய அன்று அங்கே யாரும் இல்லை. அவன் பொய் சொன்னால் அவள் என்ன செய்வாள்? சாட்சி என்று இருந்தது ஒரு நாரை மட்டும். தினைத்தாள் போல மெல்லிய காலோடு, ஓடும் தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதுவும் மீனைத்தான் பார்த்தது, இவர்களை அல்ல. எத்தனை முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன்! அந்த நாரையைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் சன்னல் வழியே பார்ப்பார்கள். மகளிடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். "அப்ப நாரைதான் ஸ்கார்ஃப்" என்றாள். முழுக்கச் சரியில்லை. நாரை பேசாத சாட்சி, பார்க்காத சாட்சி. ஸ்கார்ஃப் எதிராளியின் கையிலேயே மாட்டிக்கொண்ட சாட்சி. கபிலரின் பெண்ணுக்கு வழக்கு தோற்றுவிடும் என்ற பயம். இந்தப் பெண் வழக்கு தோற்ற பிறகும் வாக்குமூலத்தை நிறுத்தவில்லை. ஆனாலும் மகள் தொட்ட இடம் சரியான இடம். காதல், துயரம் என்று பொதுச் சொல்லைப் போடாமல் ஒரு சின்னப் பொருளை முன்னே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது இரண்டு பேருக்கும் பொது.

பழைய பாட்டை ஏன் மறுபடி பாடினார் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் ஆறு தொகுப்புகளின் மூலப் பதிவுகள் அவரிடம் இல்லை, கம்பெனியிடம் இருந்தன. 2019இல் கம்பெனி கை மாறியது, பதிவுகளும் கை மாறின. ஆனால் பாட்டை எழுதியவர் என்ற உரிமை அவரிடமே இருந்தது. ஆகவே அதே பாடல்களைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்தார்: 2021இல் 'ஃபியர்லெஸ்', 'ரெட்', 2023இல் 'ஸ்பீக் நௌ', '1989'. கடைசியில் 2025 மே மாதம் பழைய பதிவுகளையும் விலைக்கு வாங்கிவிட்டார். 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு வக்கீல் நோட்டீஸ் போனபோது நம் வீடுகளில் நடந்த சண்டைகள் நினைவிருக்கும். சட்ட நுணுக்கம் வேறு வேறு. பாட்டு யாருடையது என்ற கேள்வி ஒன்று. எனக்குச் சட்டத்தைவிடச் சுவையாகப் பட்டது இதன் விளைவு. பதினைந்து வயதின் பேதைமையைப் பற்றிப் பதினெட்டு வயதில் வெளியிட்ட 'ஃபிஃப்டீன்' பாட்டை முப்பத்தொரு வயதுக் குரல் பாடுகிறது. ஒரு சொல்லும் மாறவில்லை. முன்னே அக்காள் தங்கைக்குச் சொன்னது மாதிரி இருந்தது, இப்போது அத்தை சொல்கிற மாதிரி இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு எனக்கு இருக்கும் பெரிய தடையையும் சொல்லத்தான் வேண்டும். இவர் பாட்டு வந்தால் உலகமே 'அவன் யார்?' என்று தேடக் கிளம்பிவிடுகிறது. 'ஆல் டூ வெல்' எந்த நடிகரைப் பற்றியது, அந்த ஸ்கார்ஃப் இப்போது எங்கே இருக்கிறது, இதிலேயே பிள்ளைகளுக்குப் பொழுது போகிறது. அவரும் இதற்குத் தீனி போட்டவர்தான். ஆரம்பத் தொகுப்புகளின் பாட்டுப் புத்தகத்தில் இங்குமங்கும் எழுத்துகளைப் பெரிதாக அச்சிட்டு, அவற்றைக் கூட்டிப் படித்தால் ரகசியச் செய்தி கிடைக்கும்படி வைத்தார்.

தொல்காப்பியர் இதற்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே வேலி போட்டிருக்கிறார். அகத்திணையில் இன்னார் என்று ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது. பெயர் வந்துவிட்டால் அது ஒருவன் கதை. பெயர் இல்லாதவரை அது கேட்கிறவள் கதை. இந்த விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு நெடுநல்வாடை உதாரணம். நக்கீரர் பாடியது. குளிர்காலத்து இரவு, அரண்மனையில் பிரிவால் வாடும் அரசி, பாசறையில் தூங்காமல் நடக்கும் அரசன். பெயர் எங்கும் இல்லை. ஆனால் அரசனுக்கு முன்னே போகிறவன் கையில் இருக்கும் வேலில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. போதாதா? ஆளைக் காட்டிவிட்டது, ஆகவே இது அகம் அல்ல என்று தீர்ப்பு எழுதிவிட்டார் நச்சினார்க்கினியர்.

இதை மகளிடம் விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அம்மா, வேல்ல இருக்கிற வேப்பிலையை வச்சு ஆளைக் கண்டுபிடிச்சார்னா, அவரும் ஸ்விஃப்டிதான்" என்றாள். ஸ்விஃப்டி என்றால் டெய்லரின் ரசிகக் கூட்டத்து ஆள். வீட்டில் ஒரு வாரம் நச்சினார்க்கினியருக்கு அதுதான் பெயர். உரையாசிரியர்களின் மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை. ஆனால் பிள்ளை சொன்னதில் நியாயம் உண்டு. பிற்கால அறிஞர் பலர் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. ஒரு வேப்பந்தழைக்காக அந்த அரசியின் துயரத்தைப் புறத்தில் தள்ள முடியாது என்பார்கள். நானும் அந்தக் கட்சி. அதே நியாயத்தை ஸ்கார்ஃபுக்கும் தர வேண்டியிருக்கிறது. தேடுகிறவர்கள் தேடட்டும்; பாட்டு அந்த நடிகரைவிடப் பெரியது. தொலைத்தவள் எவளும் அந்தப் பாட்டில் தன் ஸ்கார்ஃபைத்தான் பார்ப்பாள்.

இந்தப் பெயர்ப் பிரச்சினையிலிருந்து அவரே வெளியே வந்த தொகுப்பு 'ஃபோக்லோர்'. 2020 ஜூலை, ஊரடங்குக் காலம். தன் கதையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கற்பனைப் பாத்திரங்களைப் பேச விட்டார். அவருடைய ஆகச் சிறந்த தொகுப்பு இதுதான் என்பது என் துணிபு. அதில் மூன்று பாட்டு ஒரு கதை. இரண்டாவது பாட்டு 'கார்டிகன்', எட்டாவது 'ஆகஸ்ட்', பதினான்காவது 'பெட்டி'. (நம் டிரங்குப் பெட்டி அல்ல, எலிசபெத் என்ற பெயரின் செல்லச் சுருக்கம்.) ஒரு பையன், அவன் காதலி, கோடை விடுமுறையில் அவனோடு இருந்த இன்னொரு பெண். 'கார்டிகன்' காதலியின் கூற்று. வயதான பிறகு திரும்பிப் பார்த்துச் சொல்வது. 'ஆகஸ்ட்' மற்றவளின் கூற்று. 'பெட்டி' பதினேழு வயதுப் பையன் வாசலில் வந்து நின்று மன்னிப்புக் கேட்பது. தலைவி கூற்று, பரத்தை கூற்று, தலைவன் கூற்று! குறுந்தொகையில் பாட்டுக்கு அடியில் யார் யாருக்குச் சொன்னது என்று துறைக்குறிப்பு இருக்கும். இங்கே அது இல்லை, நாமே கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். துப்பறியும் புத்தி இந்த இடத்தில் நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு காட்சி போதும். அந்தப் பெண் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, ஏறிக்கொள் என்று அவனைக் கூப்பிடுகிறாள். 'ஆகஸ்ட்' பாட்டில் அது அவள் பொத்தி வைத்திருக்கும் நினைவு. உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறாள். 'பெட்டி' பாட்டில் அதே கார், அதே அழைப்பு. பையன் வாயில் அது சாக்கு. என் கெட்ட புத்தியே உருவெடுத்து வந்த மாதிரி வந்தாள் என்று பழியை அவள் மேல் நைசாகச் சாய்க்கிறான். ஒருத்தியின் பொக்கிஷம் இன்னொருவனுக்கு வக்கீல் வாதம். இதைத் தனிப் பாட்டாகக் கேட்டால் தெரியாது. மூன்றையும் கேட்டவருக்கு மட்டும்தான் அந்தப் பையனின் சின்னத்தனம் தெரியும். காதலிக்கும் அவனுக்கும் பெயர் இருக்கிறது; மற்றவளுக்குப் பாட்டில் பெயரே இல்லை. பெயர் சுட்டாமைக்கு இப்படியும் ஒரு பயன்!

மருதத்திணையில் பரத்தைக்கும் பேச இடம் உண்டு. ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகை 8ஆம் பாட்டில், தலைவி தன்னைத் தூற்றினாள் என்று கேள்விப்பட்ட பரத்தை சொல்கிறாள்: எங்கள் வீட்டில் பெரிய வாய் பேசுகிறவன், தன் வீட்டில் மகனின் தாய் ஆட்டி வைத்தபடி கண்ணாடிப் பாவை போல ஆடுகிறான். வெடுக்கென்ற பேச்சு. அவளுக்குக் கேலி ஓர் ஆயுதம். 'ஆகஸ்ட்' பெண்ணுக்கு அந்த ஆயுதம் இல்லை. அவன் தன்னுடையவனாக இருந்ததே இல்லை என்பதை அவள் கோபமில்லாமல் ஒப்புக்கொள்கிறாள். எது உயர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வங்கனாரின் பெண்ணோடு ஒரு டீ குடிக்க ஆசை. 'ஆகஸ்ட்' பெண்ணைப் பார்த்தால் வீட்டுக்குக் கூட்டி வந்து சோறு போடத் தோன்றும். மகள் தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். உ.வே.சா. 1937இல் பதிப்பித்த குறுந்தொகையின் மறுபதிப்பு எங்கள் அலமாரியில் இருக்கிறது. அந்த எட்டாம் பாட்டை அவள் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஆறே அடிக்கு ஏறக்குறைய இருபது நிமிடம். "இவ ரொம்ப சாஸியா இருக்காளே" என்றாள். நான் ஆட்சேபிக்கவில்லை.

பெற்றோர் என்ற முறையில் எனக்கு நெருங்கிய பாட்டு வேறு. 2020 டிசம்பரில் வந்த 'எவர்மோர்' தொகுப்பின் பதின்மூன்றாம் பாட்டு, 'மார்ஜரி'. அவருடைய தாய்வழிப் பாட்டி மார்ஜரி ஃபின்லே ஆபெரா பாடகி. 2003இல் இறந்தபோது பேத்திக்கு வயது பதின்மூன்று. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டேனே, பாட்டி கைப்பட்ட கடை ரசீதைக்கூட வைத்திருக்கலாமே என்பதுதான் பாட்டின் துக்கம். முடியும் தறுவாயில் பின்னால் ஒரு பழைய குரல் மெல்லக் கேட்கிறது. பாட்டியின் பழைய இசைத்தட்டுப் பதிவிலிருந்து எடுத்தது. அவர் குரலும் பாட்டியின் குரலும் ஒன்றாகப் பாடி முடிகிறது.

"ஆச்சி குரல் எங்கயாவது இருக்காம்மா?" என்று மகள் கேட்டாள். என் அம்மா அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். தாலாட்டும் கும்மியும் அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தன. யாரும் பதிவு செய்யவில்லை. கல்யாண வீடியோ கேசட் ஒன்று பரணில் கிடந்தது. கடையில் கொடுத்து மாற்றி வாங்கினோம். மேளச் சத்தத்தின் நடுவே, தாலி கட்டும் நேரத்தில், ஆச்சியின் குலவை நான்கு நொடி கேட்கிறது. கேசட்டில் அவர் குரல் அவ்வளவுதான். வார்த்தை ஒன்றும் இல்லை. மகள் அதை வெட்டித் தன் கைப்பேசியில் வைத்திருக்கிறாள். இம்மலரைப் படிக்கிற வீடுகளில் பாட்டிமார் இருக்கிறார்கள், கைப்பேசியும் இருக்கிறது.

குறைகளும் சொல்ல வேண்டும். எழுதுவதை நிறுத்தத் தெரியவில்லை. 2024இல் வந்த 'தி டார்ச்சர்ட் பொயட்ஸ் டிபார்ட்மென்ட்' விரிந்த பதிப்பில் முப்பத்தொரு பாட்டு. பாதியை ஒரு நல்ல பதிப்பாசிரியர் வெட்டியிருப்பார். நம் தொகை நூல்களைத் தொகுத்தவர்கள் அடிக்கணக்கு வைத்துத் தொகுத்தார்கள், குறுந்தொகைக்கு எட்டடிதான் எல்லை. ஒரே தொகுப்பை அட்டையையும் தட்டின் நிறத்தையும் மாற்றித் திரும்பத் திரும்ப விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகளின் கைச்செலவுக் காசு அது. சொந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ள எழுதும் பாட்டுகளில் சொல் கூர்மையாக இருக்கிறது, மனசு ஒட்டுவதில்லை. 2017இல் வந்த 'ரெப்யூடேஷன்' முழுக்க அந்த ரகமாக எனக்குப் படுகிறது. மகள் இதைக் கேட்டு மூன்று நாள் சரியாகப் பேசவில்லை. பிறகு அதிலுள்ள பதினைந்து பாட்டையும், எந்தப் பாட்டை எப்போது கேட்க வேண்டும் என்ற குறிப்போடு எழுதிக் கொடுத்திருக்கிறாள். கடைசிப் பாட்டை இரவில் தனியாகக் கேட்க வேண்டுமாம். நான் இப்போது மூன்றாவதில் இருக்கிறேன்.